பிளாஸ்டிக் சர்ஜரி படிக்க எந்த இடம்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில் அறுவை சிகிச்சை மேற்படிப்புகளைப் பற்றி எழுதியிருந்தோம். அதைப் படித்துவிட்டு வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று பழைய வட ஆர்க்காடு முழுவதிலிருந்தும் கடிதங்கள் வந்தன. பெரும்பாலானவை பிளாஸ்டிக் சர்ஜரியைப் பற்றியவை. அந்தத் துறையில் பயிற்சி தரும் மருத்துவர்கள் பதில் சொல்கிறார்கள்.

கேள்வி (குடியாத்தத்திலிருந்து ஒரு தந்தை): என் மகள் எம்.எஸ். பொது அறுவை சிகிச்சை கடைசி வருடம் படிக்கிறாள். அடுத்து பிளாஸ்டிக் சர்ஜரிதான் என்கிறாள். "அழகு சிகிச்சைக்கா இத்தனை வருஷப் படிப்பு? லேப்ராஸ்கோப்பி கற்றுக்கொண்டு ஊரிலேயே ஆஸ்பத்திரி வைக்கலாமே" என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். எனக்கும் தெளிவாக இல்லை. இன்னும் எத்தனை வருடம், என்ன வழி?

பதில்: சொந்தக்காரர்களுக்கு உங்கள் ஊரையே காட்டுங்கள் ஐயா. தீப்பெட்டி வேலையில் கை வெந்தவர், கரும்பு ஜூஸ் மெஷினில் விரல் நசுங்கியவர், தோல் பதனிடும் ஷாப் உருளையில் சிக்கி முழங்கை வரை தோல் உரிந்தவர், பைக் விபத்தில் முழங்காலுக்குக் கீழே எலும்பு வெளியே தெரிகிறவர், உதடு பிளந்து பிறந்த குழந்தை, வாய்ப் புற்றுநோய்க்காகத் தாடை எடுக்கப்பட்டவர். இவர்கள் எல்லோரும் கடைசியில் வந்து சேருவது பிளாஸ்டிக் சர்ஜன் கைக்குத்தான். அரசு மருத்துவமனை வார்டில் படுக்கைகளை நிரப்புவது இவர்களே. அழகு சிகிச்சை இந்தத் துறையின் ஒரு பகுதி. அதுவும் பயிற்சிக் காலத்தில் சின்னப் பகுதி.

எம்.எஸ். முடித்தவருக்கு இன்னும் 3 வருடம். அரசு, தனியார் மருத்துவக் கல்லூரிகளில் எம்.சி.எச். என்ற உயர் சிறப்புப் பட்டம், பெரிய மருத்துவமனைகளில் அதற்கு இணையான டி.ஆர்.என்.பி. பட்டம். இரண்டுக்கும் நுழைவு, உயர் சிறப்புப் படிப்புகளுக்கான நீட் எஸ்.எஸ். தேர்வுதான். 150 கேள்விகள், சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறுக்கு ஒன்று கழியும். கேள்விகள் பொது அறுவை சிகிச்சைப் பாடத்திலிருந்தே வருவதால், எம்.எஸ். தேர்வுக்குப் படித்ததை விட்டுவிட்டுப் புதிய புத்தகங்களைத் தேடி ஓட வேண்டாம். புதுச்சேரி ஜிப்மர், டெல்லி எய்ம்ஸ், சண்டிகர் பி.ஜி.ஐ. போன்றவற்றுக்கு மட்டும் ஐ.என்.ஐ. எஸ்.எஸ். என்று தனித் தேர்வு. மகள் அரசுப் பணியில் சேர்ந்திருந்தால் ஒன்றைக் கவனியுங்கள்: தமிழக அரசுக் கல்லூரிகளின் உயர் சிறப்புப் படிப்பு இடங்களில் 50 சதவீதம் அரசுப் பணி மருத்துவர்களுக்கு என்று 2020-ல் அரசாணை வந்தது, 2022 மார்ச்சில் அதன்படி கவுன்சலிங் நடத்த உச்ச நீதிமன்றம் அனுமதித்தது.

எம்.பி.பி.எஸ். முடித்த கையோடு 6 வருடத்தில் நேரடியாக முடிக்கும் டி.ஆர்.என்.பி. இடங்களும் உண்டு. அதற்கு நீட் பி.ஜி. தரவரிசை பார்ப்பார்கள். உங்கள் மகளுக்கு அது இனிப் பொருந்தாது. வீட்டில் அடுத்து யாராவது படித்தால் உதவும்.

கேள்வி (ராணிப்பேட்டை, எம்.எஸ். மூன்றாம் ஆண்டு மாணவர்): ரேங்க் ஓரளவு வந்தால் சென்னை அரசுக் கல்லூரி, வேலூர் சி.எம்.சி., கோவையில் டி.ஆர்.என்.பி. என்று மூன்று வழிகள் இருக்கின்றன. வீட்டில் "வேலூரிலேயே இரு" என்கிறார்கள். எதை வைத்து முடிவு செய்வது?

பதில்: பெயரையும் தூரத்தையும் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். காட்பாடியிலிருந்து சென்னைக்கு ரயிலில் இரண்டு மணி நேரம்தான். முதலில் பார்க்க வேண்டியது, அந்த மருத்துவமனையின் கேஷுவாலிட்டி வாசல் வழியாக என்னென்ன வருகிறது என்பது. அடுத்தது, வந்ததில் எவ்வளவு உங்கள் கைக்கு எட்டும் என்பது. இந்த இரண்டும்தான் மூன்று வருடம் கழித்து நீங்கள் எப்படிப்பட்ட சர்ஜன் என்பதை முடிவு செய்யும்.

வருவது இடத்துக்கு இடம் மாறும். ஸ்டான்லியில் டாக்டர் ஆர். வெங்கடசாமி உருவாக்கிய கை அறுவை சிகிச்சைத் துறையும் பிளாஸ்டிக் சர்ஜரியும் ஒரே கூரையின் கீழ் இருப்பதால் கைக் காயங்கள் ஏராளம். தீக்காயம் கற்றுக்கொள்ள கீழ்ப்பாக்கம். உதட்டுப் பிளவு, அன்னப்பிளவு, முக எலும்பு என்றால் ஸ்ரீராமச்சந்திரா. கோவை கங்காவில் கை கால் விபத்துக் காயங்களும், அவற்றை மூடும் ஃபிளாப்களும் (ரத்த ஓட்டத்தோடு இடம் மாற்றும் தோலும் சதையும்) நிறைய. வேலூர் சி.எம்.சி.யில் கை அறுவை சிகிச்சை தனித் துறை, பிளாஸ்டிக் சர்ஜரி தனித் துறை. ஆகவே அங்கே நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "அறுந்த விரல் வந்தால் எந்தத் துறைக்குப் போகும்? பிளாஸ்டிக் சர்ஜரி ரெசிடென்ட்டுக்கு (அங்கே பயிற்சி பெறும் மருத்துவருக்கு) கைத் துறையில் சுழற்சிப் பணி எத்தனை மாதம்?" இரண்டு துறைகளும் வலுவாக இருப்பது பெரிய பலம், ஆனால் அந்தச் சுழற்சி உங்களுக்கு உண்டா என்பதைப் பொறுத்தது அது.

எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்காது. எது குறைவோ அதை இரண்டு மாதம் வெளியே போய்க் கற்றுவர அனுமதி உண்டா என்று கேளுங்கள். வாய்வார்த்தையாகச் சொன்னால் போதாது. முந்தைய பேட்சில் யார் போனார்கள் என்று விசாரியுங்கள்.

விசாரிக்க வேண்டிய ஆள் துறைத் தலைவர் அல்ல, இரண்டாம் ஆண்டு ரெசிடென்ட். முதலாண்டில் இருப்பவர் இன்னும் ஒன்றும் செய்திருக்க மாட்டார். கடைசி ஆண்டுக்காரர் தேர்வுப் பதற்றத்தில் இருப்பார். இரண்டாம் ஆண்டுக்காரரிடமும் "இங்கே நல்லா இருக்கா?" என்று கேட்டால் "நல்லா இருக்கு" என்றுதான் பதில் வரும். எண்ணிக்கையாகக் கேளுங்கள். போன மாதம் எத்தனை ஃப்ரீ ஃபிளாப் (ரத்தக்குழாயோடு முழுதாக எடுத்து வேறு இடத்தில் இணைக்கும் ஃபிளாப்)? அதில் எத்தனையில் ரெசிடென்ட் ரத்தக்குழாயைத் தைத்தார்? தமனியா, சிரையா? இரவு 2 மணிக்கு விரல் துண்டானவர் வந்தால் யார் முதலில் உள்ளே போகிறார்கள், கன்சல்டன்ட் பக்கத்தில் நிற்பாரா, போனில் இருப்பாரா? யாருமே பக்கத்தில் இல்லாமல் நீங்களாகவே செய்து பழகும் இடத்தை "நல்ல ஹேண்ட்ஸ்-ஆன்" என்று சிலர் மெச்சுவார்கள். தவறைத் திருத்த ஆள் இல்லாமல் செய்த நூறு அறுவை சிகிச்சை, அதே தவறை நூறு முறை பழக்கிவிடும். எங்களைக் கேட்டால், சீனியர் எதிரில் நின்று உங்களைச் செய்யவிடும் இடம்தான் முதல் தரம்.

பலர் கேட்க மறப்பது இன்னொன்று: அங்கே ஃபெலோஷிப் மருத்துவர்கள் (படிப்பை முடித்துவிட்டு மேற்பயிற்சிக்கு வந்தவர்கள்) எத்தனை பேர்? மைக்ரோஸ்கோப்பில் இரண்டு இருக்கைதான். ஒன்றில் கன்சல்டன்ட், மற்றதில் ஃபெலோ என்றால் ரெசிடென்ட்டுக்குக் காலிலிருந்து தோல் எடுக்கும் வேலைதான் மிஞ்சும். பெயர் பெற்ற இடங்களில் இது நடக்கும். ஃபெலோக்கள் இருந்தும் மூன்றாம் ஆண்டு ரெசிடென்ட்டுக்கு முறை ஒதுக்கும் துறைகள் உண்டு, விசாரித்தால் தெரிந்துவிடும்.

தோல்விகளைப் பற்றியும் கேளுங்கள். தேர்ந்த கைகளிலேயே ஃப்ரீ ஃபிளாப்பில் நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து வரை கெட்டுப்போகும். "எங்களிடம் ஃபிளாப் போனதே இல்லை" என்று சொல்லும் இடத்தில் ஒன்று ஃபிளாப் குறைவு, அல்லது பேச்சு குறைவு. கெட்டுப்போன ஒவ்வொன்றையும் மாதம் ஒருமுறை மேசையில் வைத்து, யாரையும் திட்டாமல் அலசுகிற துறை கிடைத்தால் அதை விடாதீர்கள்.

முடிந்தால் இரண்டு நாள் நேரில் போய் இருங்கள். மாலையில் ஒட்டும் தியேட்டர் லிஸ்ட்டைப் பாருங்கள். காலையில் தீக்காய டிரெசிங்கை யார் செய்கிறார்கள் என்று கவனியுங்கள். முதலாண்டில் டிரெசிங் செய்வது அவசியம். புண்ணைத் தினமும் பார்த்தால்தான் எந்தப் புண் ஒட்டுத்தோலை ஏற்கும், எது ஏற்காது என்று கண் பழகும். மூன்றாம் ஆண்டிலும் 11 மணி வரை அதையே செய்துகொண்டிருந்தால் தியேட்டர் நேரம் போய்விட்டது என்று பொருள்.

கட்டணம், பாண்டு, படிப்புக்குப் பின் கட்டாயப் பணி ஆகியவை கல்லூரிக்குக் கல்லூரி மாறும். கவுன்சலிங்கில் இடத்தைப் பூட்டுவதற்கு முன் அந்த ஆண்டின் விவரக் கையேட்டில் அந்தப் பக்கங்களை ஒருமுறை முழுதாகப் படியுங்கள்.

கேள்வி (ஆரணி, ஒரு பெண் மருத்துவர்): எம்.சி.எச். சேருவதற்கு முன் மைக்ரோசர்ஜரிக்கு, அதாவது மைக்ரோஸ்கோப்பில் பார்த்து நுண்ணிய ரத்தக்குழாய்களைத் தைப்பதற்கு, கையைப் பழக்கிக்கொள்ள ஆசை. லேப் வசதி இல்லை. என்ன செய்யலாம்?

பதில்: கோழி வாங்குங்கள். முழு லெக் பீஸாகக் கேளுங்கள், துண்டு போட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். தொடை எலும்பை ஒட்டி, தசைகளுக்கு நடுவே நரம்போடு சேர்ந்து ரத்தக்குழாய் ஓடும். அதன் தடிமன் மனித விரல் தமனிக்கு நெருக்கமாகவோ கொஞ்சம் பெரிதாகவோ இருக்கும். விரலின் அடியில் தமனி சுமார் 1 மி.மீ.தான்.

அதற்கு முன் ஒரு வாரம் ரப்பர் கையுறையில் தையுங்கள். கையுறைத் துண்டை ஒரு அட்டையில் இழுத்துக் குத்தி, 1 செ.மீ. கீறி, முதலில் 8-0 நைலான் (மிக மெல்லிய தையல் நூல்), பிறகு அதைவிட மெல்லிய 9-0. தையல்கள் சம இடைவெளியில், கீறலுக்குச் செங்குத்தாக விழும்வரை கோழிக்குப் போக வேண்டாம். 3, 5 எண் ஜுவல்லர்ஸ் ஃபோர்செப்ஸ், ஸ்பிரிங் வைத்த நீடில் ஹோல்டர், மைக்ரோ கத்தரி, சின்ன இரட்டைக் கிளாம்ப் போதும். கண் மருத்துவத் துறையில் பழைய மைக்ரோஸ்கோப் சும்மா இருந்தால் கேட்டுப் பாருங்கள்.

குழாயை 2 செ.மீ. நீளத்துக்குச் சுற்றியுள்ள திசுவிலிருந்து பிரித்து, கிளாம்ப் போட்டு, நடுவில் ஒரே வெட்டாக வெட்டுங்கள். வெட்டிய முனையைச் சுற்றி வெளியே நூல் நூலாகத் தொங்கும் மேல் படலத்தை ஒன்றிரண்டு மி.மீ. சீவி எடுங்கள். இதை விட்டால் ஊசியோடு அந்தப் படலம் குழாய்க்குள் இழுபடும். நோயாளியிடம் அதைச் சுற்றித்தான் ரத்தம் உறையும். உள்ளே சலைன் பீய்ச்சிக் கழுவுங்கள். ஃபோர்செப்ஸால் குழாய்ச் சுவரின் உள்பக்கத்தைப் பிடிக்கக் கூடாது. வெளிப் படலத்தை மட்டும் பிடிக்க வேண்டும்.

ஊசி விளிம்பிலிருந்து, சுவரின் தடிமனைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு தள்ளி, செங்குத்தாக நுழையட்டும். முதல் இரண்டு தையல்களை 120 டிகிரி இடைவெளியில் போடுங்கள். நேர் எதிரெதிராகப் போட்டால் முன்சுவரும் பின்சுவரும் ஒட்டிக்கொண்டு நிற்கும்; 120 டிகிரியில் போட்டால் பின்சுவர் தானாகத் தொய்ந்து விலகும். நுனி நூலை நீளமாக விட்டால் இழுத்துத் திருப்பப் பயன்படும். முன்பக்கத்தை முடித்துக் கிளாம்பைப் புரட்டி, பின்பக்கம் தைப்பதற்கு முன் உள்ளிருந்து முன்பக்கத் தையல்களைப் பாருங்கள். 1 மி.மீ. குழாய்க்கு ஆறிலிருந்து எட்டுத் தையல் வரும்.

முடித்ததும் பூரித்துப்போய் நிறுத்திவிடாதீர்கள். ஒரு கேனுலா வழியாக மை கலந்த நீரைச் செலுத்தி ஒழுகலைப் பாருங்கள். பிறகு குழாயை நீளவாக்கில் கிழித்துத் திறந்து உள்பக்கத்தைப் பாருங்கள். வெளியே அழகாகத் தெரிந்த தையலில் ஒன்று பின்சுவரையும் சேர்த்துப் பிடித்திருக்கும். இன்னொன்றில் விளிம்பு உள்ளே சுருண்டிருக்கும். பின்சுவர் சிக்கினால், ஊசி நுனியைப் பார்க்காமல் தள்ளினீர்கள் என்று அர்த்தம். விளிம்பு சுருண்டால், ஊசி சாய்வாக நுழைந்தது அல்லது முடிச்சை அதிகம் இறுக்கினீர்கள். இந்தக் கடைசி ஐந்து நிமிடத்தில்தான் முழுப் பாடமும் இருக்கிறது.

கை நடுங்குகிறதே என்று பயப்பட வேண்டாம். முழங்கை முதல் சுண்டுவிரல் ஓரம் வரை மடித்த துணியின் மேல் படிந்திருக்க வேண்டும். விரல் நுனி மட்டும் அசைய வேண்டும். ஸ்டூல் உயரத்தைச் சரிசெய்தாலே பாதி நடுக்கம் போய்விடும். தூங்காத கண்ணோடு பழகுவதில் பயனில்லை.

கேள்வி (வாணியம்பாடி, ஒரு தாய்): மகன் சென்னையில் பிளாஸ்டிக் சர்ஜரி முதலாண்டு. ராத்திரி பத்து மணிக்கு மேல் போன் பண்ணினால் "பேஷன்ட் பார்த்துட்டு இருக்கேம்மா" என்று வைத்துவிடுகிறான். ஆபரேஷன் முடிந்த பிறகு ராத்திரி முழுக்க அப்படி என்ன பார்ப்பது?

பதில்: உண்மையாகவே பார்த்துக்கொண்டுதான் இருப்பார் அம்மா. தொடையிலிருந்து எடுத்த தோலும் சதையும் அதன் ரத்தக்குழாய்களோடு கால் காயத்துக்கு மாற்றி, அங்குள்ள குழாய்களோடு இணைத்திருப்பார்கள். அதைத்தான் ஃப்ரீ ஃபிளாப் என்கிறோம். அந்த இணைப்பில் ரத்தம் உறைந்தால் பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள் உறையும். சீக்கிரம் கண்டுபிடித்துத் தியேட்டருக்குக் கொண்டுபோனால் காப்பாற்றலாம். சில மணி நேரம் கவனிக்காமல் விட்டால் மாற்றிய சதை முழுவதும் போய்விடும். அதனால் முதல் நாள் மணிக்கு ஒருமுறை பார்ப்பார்கள்.

விரலால் ஃபிளாப்பை மெதுவாக அழுத்தி விடுவார். வெளுத்த இடம் இரண்டு மூன்று வினாடியில் மறுபடி சிவந்தால் நலம். சதை நீலமாகி, தடித்து, விட்டவுடன் சட்டென்று நிறம் திரும்பினால் ரத்தம் வெளியே போகும் வழி அடைத்திருக்கிறது. வெளுத்து, குளிர்ந்து, நிறம் திரும்பாமல் கிடந்தால் உள்ளே வரும் வழி அடைத்திருக்கிறது. சந்தேகம் வந்தால் ஊசியால் லேசாகக் குத்திப் பார்ப்பார். பளிச்சென்ற சிவப்புச் சொட்டு வந்தால் நிம்மதி. கட்டு இறுக்கமா, கால் மடங்கிக் கிடக்கிறதா, நோயாளிக்குக் குளிர்கிறதா என்று பார்த்துச் சரிசெய்து, அப்போதும் மாறாவிட்டால் சீனியரை எழுப்புவார். நிறம் பார்க்க வெளிச்சம் வேண்டும் என்பதால் நோயாளியின் தூக்கமும் கெடும், இவர் தூக்கமும் கெடும்.

போன் பேச காலை ரவுண்ட்ஸ் முடிந்த பிறகு ஒரு நேரத்தை அவரிடமே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பக்கம் காலணி ஆலைகள் அதிகம் என்பதால் ஒன்று சேர்த்துச் சொல்கிறோம். யாருக்காவது விரல் துண்டானால், துண்டைச் சுத்தமான நீரில் அல்லது சலைனில் அலசி, ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்டி, அந்தப் பையை ஐஸும் தண்ணீரும் உள்ள பாத்திரத்தில் வையுங்கள். ஐஸ் நேராகத் துண்டில் படக் கூடாது; பட்டால் செல்கள் உறைந்து கெட்டுவிடும். தண்ணீரில் ஊறவும் கூடாது. விரலில் தசை இல்லாததால் இப்படிக் குளிர வைத்தால் நேரம் கிடைக்கும். மணிக்கட்டுக்கு மேலே துண்டானால் தசை இருப்பதால் ஆறு மணி நேரத்துக்குள் ரத்தம் ஓட வேண்டும். காயத்தில் அழுத்திக் கட்டுப் போடுங்கள். கயிறு கட்டி இறுக்காதீர்கள். கிளம்பும்போதே மருத்துவமனைக்குப் போன் செய்துவிட்டால் தியேட்டர் தயாராக இருக்கும்.

கேள்வி (ஆற்காடு, பயிற்சி மருத்துவர்): அமெரிக்காவில் விண்ணப்பிக்க நினைக்கிறேன். பின்னணி, ஆர்வங்கள், ஏன் இந்தத் துறை, ஏன் எங்கள் இடம் என்று ஒரு பக்கம் எழுதச் சொல்கிறார்கள். எப்படி எழுதுவது?

பதில்: முதலில் வழி. அங்கே எம்.பி.பி.எஸ்.ஸுக்குப் பின் ஒருங்கிணைந்த பயிற்சி 6 வருடம்; அல்லது அங்கேயே பொது அறுவை சிகிச்சை முடித்து 3 வருடம். யு.எஸ்.எம்.எல்.இ. என்ற அமெரிக்க மருத்துவத் தேர்வின் முதல் படி 2022 முதல் தேர்ச்சி, தோல்வி மட்டும்தான், மதிப்பெண் இல்லை. அதனால் இரண்டாம் படி மதிப்பெண், பரிந்துரைக் கடிதங்கள், ஆய்வு ஆகியவற்றின் கனம் கூடிவிட்டது. வெளிநாட்டில் படித்தவர்களுக்கு ஒருங்கிணைந்த இடம் கிடைப்பது மிக அரிது. இதைத் தெரிந்துகொண்டே முயலுங்கள்.

எழுதும்போது "சிறு வயதிலிருந்தே பிறருக்கு உதவ ஆசை" என்று தொடங்க வேண்டாம். அந்த வரியைத் தேர்வாளர் நூறு கடிதங்களில் படித்திருப்பார். நீங்கள் கண்ணால் பார்த்ததை எழுதுங்கள். உதாரணமாக: தீக்காயத்தில் தாடை நெஞ்சோடு ஒட்டிப்போனவர்களுக்குச் சுருக்கத்தை விடுவித்துத் தோல் ஒட்டியபின், கழுத்துப் பட்டை போடாமல் விட்டவர்களுக்கு மறுபடியும் சுருங்கியது, ஏன் போடவில்லை என்று விசாரித்தபோது வெயிலில் வயல்வேலையில் வியர்த்து அரிக்கிறது என்றார்கள். இப்படி ஒரு பத்தி, நீங்கள் கவனிக்கிறவர், காரணம் தேடுகிறவர் என்று காட்டிவிடும். இது எங்கள் உதாரணம்; உங்களுடையதை நீங்கள்தான் எழுத வேண்டும்.

ஆர்வங்கள் என்ற இடத்தில் உண்மையில் செய்வதை மட்டும் போடுங்கள். வீணை என்று எழுதினால் நேர்முகத்தில் கடைசியாக என்ன வாசித்தீர்கள் என்று கேட்பார்கள். "ஏன் எங்கள் இடம்" என்பதற்கு அந்தத் துறையின் புகழைப் பாட வேண்டாம். அங்கே இருக்கிற, வேறிடத்தில் உங்களுக்குக் கிடைக்காத ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லி, அது உங்கள் முந்தைய பத்தியோடு எப்படிச் சேர்கிறது என்று காட்டுங்கள்.

இந்தியாவில் எம்.சி.எச். சேர ரேங்க் போதும், கடிதம் வேண்டாம். ஆனால் படிப்புக்குப் பிந்தைய ஃபெலோஷிப்களில் இதே கேள்விகள் வரும்.

கேள்வி (காட்பாடி, எம்.சி.எச். மாணவர்): தொழுநோய்க் கை அறுவை சிகிச்சையை இனியும் கற்க வேண்டுமா? நோய்தான் ஒழிந்துவிட்டதே.

பதில்: ஒழியவில்லை. 2005 இறுதியில் பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் கீழே வந்துவிட்டது என்று அறிவித்தார்கள், அவ்வளவுதான். உலகில் புதிதாகக் கண்டறியப்படும் தொழுநோயாளிகளில் பாதிக்கு மேல் இந்தியாவில் இருக்கிறார்கள்.

நீங்கள் இருக்கும் ஊருக்குப் பக்கத்தில்தான் இந்தச் சிகிச்சையே வளர்ந்தது. 1946-ல் சி.எம்.சி.க்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், மடங்கிப்போன விரல்களைத் தசைநாணை (தசையை எலும்போடு சேர்க்கும் நாரை) இடம் மாற்றி நிமிர்த்த முடியும் என்று இங்கே காட்டினார். 1955-ல் பக்கத்தில் கரிகிரி தொழுநோய் மருத்துவமனை தொடங்கியது. அல்னார் நரம்பு (சுண்டுவிரல் பக்கமாகக் கைக்குப் போகும் நரம்பு) செயலிழந்த கையில் எந்தத் தசை மிச்சம், எதை எடுத்தால் இழப்பு குறைவு என்று கணக்குப் போடக் கற்றவர், கழுத்து நரம்பு அறுந்த பைக் விபத்துக் கையையும் அதே கணக்கில் பார்ப்பார்.

அறுவை சிகிச்சையில் தோற்கும் இடம் பெரும்பாலும் தியேட்டருக்கு வெளியே. நோய்க்கான மருந்து சீராகப் போயிருக்க வேண்டும். ரியாக்‌ஷன் (தோலிலும் நரம்பிலும் திடீரென வரும் அழற்சி) அடங்கியிருக்க வேண்டும். நரம்பு இனி தானாகத் திரும்பாது என்று தெரியப் பல மாதம் காத்திருக்க வேண்டும். விறைத்த மூட்டுகளைப் பிசியோதெரபியில் இளக்கியிருக்க வேண்டும். விறைத்த விரலுக்கு எந்தத் தசைநாணை மாற்றினாலும் அது நிமிராது. பிறகு சுமார் மூன்று வாரம் மாவுக்கட்டு, அதன் பின் மாற்றிய தசைக்குப் புது வேலையைச் சொல்லிக்கொடுக்கும் பயிற்சி. வாய்ப்புக் கிடைத்தால் கரிகிரியில் தியேட்டரோடு பிசியோதெரபிப் பிரிவிலும் உட்காருங்கள்.

கேள்வி (சோளிங்கர், ஒரு மாணவி): நான் இடது கைக்காரி. இந்தத் துறை சரிப்படுமா?

பதில்: சரிப்படும். மைக்ரோ நீடில் ஹோல்டர்களில் பல பூட்டு இல்லாத ஸ்பிரிங் வகை. எந்தக் கைக்கும் ஒன்றுதான். சாதாரண நீடில் ஹோல்டரின் பூட்டும் கத்தரியின் விளிம்பும் வலது கைக்கு அமைந்தவை. இடது கைக் கத்தரி தனியாகக் கிடைக்கும், ஒன்று சொந்தமாக வாங்கிக்கொள்ளுங்கள். ஹம்பி கத்தியால் தொடையில் தோல் எடுக்கும்போது நோயாளியின் மறுபக்கம் நிற்க வேண்டியிருக்கும். அதை முந்தின நாளே தியேட்டர் சிஸ்டரிடம் சொல்லிவிட்டால் டிராலியை அதற்கேற்ப வைத்திருப்பார்.